மேட்டில் மூன்று கற்கள்

"பரிவட்டம் அவனுக்கா, தாயே?"

திருமேனி கேட்டபோது உமையாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்குப் பத்து வயது கூடுதல்.

மஞ்சணையாறு பிறக்கும் மலையில் அவர்கள் குடில். ஆடியில் புதுவெள்ளம் சமவெளியைத் தொடும் நாளில், குடிலைச் சேர்ந்த ஒருவரை ஊரார் அழைத்துத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் அணையின் மடைப்பலகையைத் தூக்கிய பிறகே வயலுக்குத் தண்ணீர் பாயும். இவ்வாண்டு அவர்கள் அழைத்தது, சென்ற ஆண்டுதான் குடிலுக்கு வந்து சேர்ந்த இளைஞன் குழந்தைவேலை.

"இருபது ஆண்டுகளாக இந்த ஓடைக்கரையில் கிடக்கிறேன்."

"ஆமாம், கிடக்கிறீர்," என்றார் உமையாள்.

அன்று மாலையே திருமேனி மேட்டுக்கு ஏறினார். குடில் வாசலில் ஓடும் ஓடை அங்கேதான் வளைகிறது. கிழக்கே சாய்ந்தால் நெல்வயல். மேற்கே சாய்ந்தால் ஏலக்காடு.

மூன்று கற்களைப் புரட்டி வைத்தார். ஓடை மறுபேச்சில்லாமல் மேற்கே திரும்பியது.

"பலகையைத் தூக்கட்டும். வயலுக்குக் காற்று பாயட்டும்."

அந்த அழகைக் கண்ணாரக் காண, இரண்டு நாள் நடந்து கீழே போனார்.

ஆறு இரு கரையும் தொட்டு வந்தது.

கூட்டத்தின் பின்னால் நின்ற திருமேனி எம்பி எம்பிப் பார்த்தார்.

"அண்ணா!" பரிவட்டம் புருவத்தில் சரிய, குழந்தைவேல் கூவினான். "எட்ட நின்று என்ன வேடிக்கை? ஒரு கை கொடுங்கள். இந்தப் பலகை என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது!"

கூட்டம் சிரித்து வழிவிட்டது. நான்கு கைகள் தூக்கப் பலகை எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவை அவனுக்குத்தான் என்று திருமேனிக்குத் தோன்றியது.

கரையோரமாகவே மலையேறினார். இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இடப்பக்கம் ஓர் ஓடை வந்து கலந்தது. பாறையிடுக்கில் இன்னொன்று. மூங்கில் புதருக்குள் சத்தம் மட்டும் கேட்டது ஒன்று. முப்பத்தேழு வரை எண்ணினார். பிறகு எண்ணவில்லை.

குடில் வாசலில் ஓடை வறண்டு கிடந்தது.

இதை அவர் நினைத்தே பார்த்ததில்லை.

பள்ளத்திலிருந்து உமையாள் ஏறி வந்தார். இடுப்பில் குடம். முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"எத்தனை நாளாகச் சுமக்கிறீர்கள், தாயே?"

"இன்றோடு ஐந்து."

"ஓடை ஏன் நின்றது என்று..."

"மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன்."

திருமேனி குடத்தை வாங்கி இறக்கினார். "மூன்றே மூன்று கற்கள். தள்ளிவிட்டிருக்கலாமே!"

"வைத்தவர் வருவார் என்றிருந்தேன்."

திருமேனி மேட்டை நோக்கித் திரும்பினார்.

உமையாள் குவளையை நிரப்பி நீட்டினார்.

"முதலில் குடியும். ஏற்றம் செங்குத்து."