தட்டிப் பார்த்த படகு

அடிப்பலகையில் மரச்சுத்தியல் பட்டதும் சத்தம் மாறியது. அதுவரை கணீரென்று வந்தது, இங்கே ஈரச்சாக்கைத் தட்டியதுபோல் இருந்தது. இன்னாசி அடுத்த தட்டலை மெதுவாக்கினார். அதற்கடுத்ததை இன்னும் மெதுவாக.

“பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி தட்டுறீரே, வே,” என்றார் மரியநாயகம்.

இன்னாசிக்குப் படகில் பாய் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மாணவரைவிட வயதில் இளையவர்.

“பழைய மரம், மாஸ்டர். பலமா அடிச்சா பாவம்.”

“கடல் அடிக்கும்.”

சின்னப் படகு. பாய்மரம் ஒன்று, இருவர் படுக்க ஓர் அறை. கடல் சுற்ற வந்த வெளிநாட்டுக்காரர் யாரோ விட்டுப்போனது. நீலப் பெயிண்ட் பூசி விற்பனைக்குக் கரையேற்றி வைத்திருந்தார்கள். இன்னாசி தான் பார்த்ததையெல்லாம் சொன்னார். பாய் கிழியவில்லை. பாய்மரம் நேராக நிற்கிறது. சுக்கான் இலகுவாகத் திரும்புகிறது.

மரியநாயகம் சுத்தியலை வாங்கி அதே இடத்தில் ஓங்கி அடித்தார். பெயிண்ட் சில்லுசில்லாக உதிர்ந்தது. உள்ளே மரம் கறுத்திருந்தது.

“இதுல எங்க போகணும்?”

இன்னாசி தெற்கே கைகாட்டினார். போன ஐப்பசிப் புயலில் அவர் மகன் ரூபனின் படகு மூழ்கியது அங்கேதான். உடல் கிடைக்கவில்லை. அவனுடைய சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். விசைப்படகுக்காரர்கள் யாரும் தன்னை அங்கே ஏற்றிப்போகச் சம்மதிக்கவில்லை என்றார். ஒருநாள் நல்ல காற்று கிடைத்தால் போதும் என்றார்.

“அதுவரைக்கும் போகுமா, மாஸ்டர்?”

“போகும்.”

இன்னாசியின் முகம் தெளிந்தது. “அப்போ வாங்கிடலாம்.”

மரியநாயகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நங்கூரம் இருக்கான்னு பார்த்தீரா?”

“இல்ல.”

“குடிதண்ணித் தொட்டி? உள்ள ஏறுற தண்ணியை இறைக்க பம்பு?”

இன்னாசி இல்லையென்று தலையசைத்தார்.

“போறதுக்கு வேண்டியதெல்லாம் பார்த்திருக்கீரு. திரும்பி வாறதுக்கு வேண்டியது ஒண்ணையும் பார்க்கல. இந்தப் படகு உமக்குப் பொருத்தந்தான், வே. அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்.”

இன்னாசி குனிந்து, மணலில் கிடந்த நீலச் சில்லுகளில் ஒன்றை எடுத்தார். அது பெயர்ந்த இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.