ஏழு கறுப்புக் கட்டங்கள்

முன்னொரு காலத்தில், ஓர் அரசனுடைய புது மண்டபத்து வாசற்படியில் அரசவை விகடகவி திருமேனி குனிந்து, அவசர அவசரமாக எதையோ செய்துகொண்டிருந்தான். உள்ளே கல்தச்சன் கருவேலனின் விரல்கள் போகவிருந்தன. ‘என் பேச்சை நம்பி வேலைக்கு வந்தவன். விடமாட்டேன்’ என்று பல்லைக் கடித்தபடி உள்ளே ஓடினான்.

எல்லாம் அரசனின் ஆசையால் வந்தது. சிங்காதனத்தின் இருபுறமும் தரையில் ஏழேழு கறுப்புச் சதுரக் கற்களால் ஒரே உருவம் வேண்டும். மாறினால் தச்சனின் விரல்களை வெட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தான். கருவேலன், திருமேனி கைகாட்டிய ஆள். திருமேனியைக் கண்டாலே ஆகாத மந்திரி விக்கிரமராயருக்கு அதுவே போதும்; தரையைச் சோதித்துவிட்டு அரசன் முன்னால் வந்து நின்றார்.

"பிரபு, கட்டங்களை எண்ணினேன், சரி. விளிம்பை அளந்தேன், சரி. ஆனால் இடப்பக்க உருவத்தைத் துணியில் வெட்டி வலப்பக்கத்தில் வைத்தால், நாலாபக்கமும் திருப்பியும் பொருந்தவில்லை!"

திருமேனி அந்தத் துணியைப் பிடுங்கிக் குப்புறப் போட்டான். கச்சிதமாகப் பொருந்தியது.

"புரட்டுவது செல்லாது!" மந்திரி சீறினார். "தரையைப் புரட்ட முடியுமாடா? திருப்பிப் பொருந்தினால்தான் ஒன்று."

அரசன் தலையசைத்தான். வாள் உருவப்பட்டது. கருவேலன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"அப்படியே ஆகட்டும், மந்திரியாரே," என்றான் திருமேனி. " இனி ஜோடி என்றால் புரட்டாமலே பொருந்த வேண்டும். நீங்கள் இப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரிந்து, உங்கள் செருப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். போட்டு நடங்கள், பார்ப்போம்."

அந்த மண்டபத்துக்குள் அரசன் உட்பட யாரும் செருப்போடு நுழைவதில்லை. மந்திரி முறைத்தபடி வாசலுக்குப் போனார். வலது கால் சுகமாக நுழைந்தது. இடது காலில் கட்டைவிரல் வளையம் சுண்டுவிரலில் போய் மாட்டியது. இரண்டடி நொண்டியவர் தூணைக் கட்டிக்கொண்டார்.

"அடேய், இரண்டும் வலது காலுடா!"

"ஒன்றின்மேல் ஒன்றை வையுங்கள், புரட்டாமலே உட்காரும். உங்கள் சட்டப்படி உத்தமமான ஜோடி!"

"நாசமாய்ப் போக! என் பழைய ஜோடியைக் கொடு!"

"அதைப் புரட்டினால்தானே ஐயா பொருந்தும், கருவேலனின் தரையைப் போல?"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வாள் உறைக்குள் போயிற்று. கருவேலனின் பிழைத்த கைக்குப் பொற்கடகம், திருமேனியின் கழுத்துக்கு முத்துமாலை.

"அதுசரி, மந்திரி அளவில் இன்னொரு வலது செருப்பு உனக்கு எங்கே கிடைத்தது?"

திருமேனி மெல்லப் பின்வாங்கினான்.

"மந்திரியார் தங்கள் செருப்பைப் பார்த்து, அச்சு அசலாக அதே மாதிரி, அதே அளவில் தைத்துக்கொண்டாரே, பிரபு... வாசலில் தங்களுக்கு இரண்டு இடது செருப்புகள் காத்திருக்கின்றன."