மை இல்லாத விரல்

மதியம் ஒரு மணிக்குக் கொழுந்துவேல் மடத்துக்குள் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபத்திரண்டு வயது. கல்லூரியில் முப்பது வருஷம் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபின் வாலையம்மையிடம் சீடராகச் சேர்ந்தவர். அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் ‘அம்மா’ என்பார். அவர் ‘ஐயா’ என்பார்.

அன்று வெள்ளோடையில் ஊராட்சித் தலைவர் தேர்தல்.

அந்தப் பதவிக்கு ஊரில் யாரும் ஓட்டுப் போட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் பஞ்சு மில் முதலாளி சோலையப்பன் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு பெயரைச் சொல்வார். வேறு யாரும் மனுப் போட மாட்டார்கள். போட்டியில்லாமல் தேர்வு என்று வேட்டுப் போடுவார்கள். இந்த முறை நர்ஸ் தமயந்தி மனுப் போட்டுவிட்டாள். மிரட்டிப் பார்த்தார்கள், அவள் வாபஸ் வாங்கவில்லை.

அதனால் காலையிலிருந்தே மில் வாசலில் ஆறு பேர் கையில் செல்போனோடு நின்றார்கள். ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு அந்த ரோட்டை விட்டால் வழியில்லை. தமயந்திக்குப் போடுவார்கள் என்ற சந்தேகம் இளவட்டத்தின் மேல்தான்; அவர்களில் யார் கடந்தாலும் ஒரு படம் எடுத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஊரில் பாதி வீட்டில் மில் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

“நாற்பது வீடு ஏறி இறங்கிவிட்டேன், அம்மா. பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை.”

வாலையம்மை கிணற்றடியில் சாக்குத் துவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன சொல்கிறார்கள்?”

“மற்றவர்கள் வந்தால் நானும் வருகிறேன் என்கிறார்கள். எல்லா வீட்டிலும் இதே பதில்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“எல்லோரும் வருகிறார்கள் என்றேன்.”

“வருகிறார்களா?”

கொழுந்துவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முப்பது வருஷம் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். இன்று ஒரு வாக்கியம் எடுபடவில்லை. அவர்கள் பயம் போக ஒரு வார்த்தை சொல்லுங்கள், கொண்டுபோகிறேன். இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது” என்றார்.

அம்மை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். ஆட்காட்டி விரலில் மை இருந்தது. விடிந்ததும் போய் வந்திருக்கிறார்.

“உங்கள் கையைக் காட்டுங்கள், ஐயா.”

கொழுந்துவேல் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

“கடைசியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று... என் மகன் நம்பிராஜன் அந்த மில்லில்தான் லாரி ஓட்டுகிறான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.”

“தெரியும்” என்றார் அம்மை. சாக்கின் மேல் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றினார்.

திரும்பி நடக்கையில் அவருக்கு ஒன்று உறைத்தது. கடைசி வீட்டில் முத்துப்பேச்சி என்ற பெண் கதவைத் திறந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், முதல் ஓட்டு. அவர் பேசி முடிக்கும்வரை அவள் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில் வாசலில் மேஸ்திரி சுடலைமுத்து வழியில் வந்து நின்றான்.

“சார்வாள், இந்த வெயில்ல எங்க?”

“ஓட்டுப் போட.”

“நம்பி இப்பதான் லோடு ஏத்திட்டுப் போறான். நல்ல பையன். அவன் சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போடலாமா?”

கொழுந்துவேலுக்குப் பேரனும் பேத்தியும் கண்ணுக்குள் வந்து போனார்கள். வகுப்பில் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“படம் எடுத்துக்கோ, சுடலை. முகம் நல்லா விழட்டும்.”

நடந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஓட்டுப் போட்டுவிட்டு அதே வழியாகத் திரும்பி, முத்துப்பேச்சியின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“நான் போட்டுட்டேன், தாயி. மத்தவங்க வாராங்களான்னு எனக்குத் தெரியாது.”

“படம் எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க.”

அவள் உள்ளே திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் மில்லில் பஞ்சு பிரிக்கிறவள்தான். மகளின் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, “செருப்பப் போட்டுட்டுப் போ. தார் சுடும்” என்றாள்.

முத்துப்பேச்சி பக்கத்துத் தெருவில் ஒரு சிநேகிதியைக் கூப்பிட்டாள். அந்தச் சிநேகிதி தன் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாள். கொழுந்துவேல் இந்தத் தடவை எந்த வீட்டிலும் பொய் சொல்லவில்லை. இதுவரை எத்தனை பேர் என்று மட்டும் சொன்னார். சில கதவுகள் திறக்கவேயில்லை. நாலரை மணிக்குத் தெருமுனையில் இருபத்துமூன்று பேர் நின்றார்கள்.

மில் வாசலில் ரோட்டை அடைத்து டிராக்டரும் டிரெய்லரும் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் முள்வேலி. சுடலைமுத்து டயரில் சாய்ந்து நின்றான்.

“வண்டி ரிப்பேரு. அஞ்சு மணிக்கு மேலதான் மெக்கானிக் வாரான்.”

யாரும் அசையவில்லை. பின்னால் ஒருவன், “திரும்பிருவோம்” என்றான்.

கொழுந்துவேல் டிரெய்லரின் கொண்டியைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்தார். முதல் தடவை வழுக்கியது. முழங்கை சிராய்ந்தது. இரண்டாம் தடவை ஏறிவிட்டார். மேலே நின்று குனிந்து கையை நீட்டினார். முத்துப்பேச்சி பிடித்துக்கொண்டாள். ஆறு போன்களும் உயர்ந்தன. அவள் ஏறினாள். அதற்குப் பின் யாரும் கைக்காகக் காத்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓட்டு எண்ணினார்கள். சாயங்காலம் கொழுந்துவேல் மடத்துக்கு வந்தார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் தள்ளி உட்கார்ந்தார்.

“நம்பிராஜனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

“என்ன சொன்னான்?”

“ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டான். வேறு லாரி தேடி டவுனுக்குப் போயிருக்கிறான்.”

அம்மையின் கை நின்றது.

“தமயந்திக்கு எண்பத்தாறு ஓட்டு” என்றார் கொழுந்துவேல். “மில்காரர்கள் நிறுத்திய ஆளுக்கு நானூற்றுப் பத்து. பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தோற்றுவிட்டோம், அம்மா.”

வாலையம்மை கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

“இதுவரை இந்த ஊரில் யாராலும் தோற்கக்கூட முடிந்ததில்லை, ஐயா.”