கழுத்து வீங்கும் பருவம்

நாச்சிமுத்து அண்ணனுக்கு வயது ஐம்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் தாடி வைத்த யாரையோ நினைத்துக்கொண்டு படிப்பீர்கள்.

அண்ணன் ஊர் ஊராக மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர். வேலையை விட்டபின் காட்டு விலங்கு வைத்தியம் கற்றுக்கொள்ள மலையடிவாரத்தில் எங்கள் முகாமுக்கு வந்து, ஜெசிந்தா டாக்டரிடம் சேர்ந்தார். "இவங்கதான் என் குரு" என்று யாரிடமும் கூசாமல் சொல்வார். நான் இருவருக்கும் ஜீப் ஓட்டுகிறவன், மாரப்பன்.

புரட்டாசிக் கடைசியில் ஊசிப்பாறை ஓடையில் கட்டியிருந்த கேமராவில் ஒரு படம் விழுந்தது. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் கேமரா அது. காலை வெளிச்சத்தில் ஒரு ஆண் கடமான் தண்ணீர் குடிக்கக் குனிந்திருந்தது. நன்றாக முற்றிய உடம்பு, என் கை நீளத்துக்குக் கொம்பு. கழுத்தைச் சுற்றி ஒரு கிளட்ச் ஒயர். யாரோ தோட்டத்து ஓரத்தில் பன்றிக்கு வைத்த சுருக்கு. மான் அதை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"ஒயரு தளர்வாத்தானுங்களே இருக்கு?" என்றார் அண்ணன்.

"இப்பத் தளர்வு. ஐப்பசியில இணை சேர்ற பருவம் வந்துரும். அப்ப ஆண் மானுக்குக் கழுத்து வீங்குமுங்ண்ணா" என்றார் டாக்டர்.

"எவ்வளவு வீங்குமுங்க?"

"இந்த ஒயர் கொள்ளாத அளவுக்கு."

அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மயக்க ஊசி சுட்டுப் பிடித்து, ஒயரை வெட்டி விடுவதென்று முடிவானது. வனத்துறையில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. ஆனால் இருட்டில் சுட முடியாது. பகல் வெளிச்சத்தில் அது எங்கே, எப்போது வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஓடை நெடுகக் கேமராக்களைக் கட்டினோம்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இனி அமாவாசை வரைக்கும் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார்.

"வராம எப்படிங்க தெரியும்?"

"வராம இருந்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும் நான் என்னங்க செய்யறது?"

"ஊசி சுடப் பழகுங்க."

முகாமில் வைக்கோல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். அண்ணன் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் சுட்டார். பிறகு ஒரு காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

"மாரப்பா, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"டாக்டர் வேண்டாம்னாங்களேண்ணா."

"பாத்துட்டுத்தானப்பா வரப்போறோம். எடுத்துட்டா வரப்போறோம்?"

போனோம். கேமராவைத் திறந்து கார்டை எடுத்து, கையோடு கொண்டுபோன சின்னத் திரையில் போட்டுப் பார்த்தார். மயில், பன்றி, காற்றில் ஆடின ஒரு கிளை. மான் இல்லை. கடைசிப் படத்தில் அவருடைய முகமே பெரிதாகத் தெரிந்தது.

"இது எதுக்குக் குப்பை" என்று அதை அழித்தார்.

அடுத்த நாள், லென்ஸில் பனி படிந்திருக்கும் என்றார். அதற்கடுத்து பேட்டரி. அப்புறம், கேமரா கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கையில் இருக்கும். ஒவ்வொரு நாளும் கடைசியில் தன் படத்தை அழிப்பார். ஒருநாள் யானை லத்தியைப் பூட்ஸில் அப்பிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"மனுச வாடை போயிருக்குமல்ல?"

"போயிருச்சுண்ணா. இப்ப யானையே பூட்ஸ் போட்டுட்டு வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, விடியற்காலைத் தூக்கம் போகிறதே என்று. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட மனசு வராது. சோறு இறங்கவில்லை. சட்டையில் மேல் பொத்தான் போடுவதையே விட்டுவிட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகப் போய்க் கழுத்தைத் தடவும். ஒரு மானுக்காகவா ஒரு மனிதர் இப்படி ஆவார் என்று நினைத்தேன். ஆகிவிட்டார், கண்ணெதிரே.

டாக்டர் வாசலில் கிடந்த லத்தி பூசிய பூட்ஸைப் பார்த்தார். தாண்டி உள்ளே போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கோபம்தான். ஒரு வார்த்தை அதட்டினால் என்ன குறைந்துவிடும்?

அமாவாசை வந்தது. அண்ணன் உடைந்துவிட்டார்.

"போயிருச்சுங்க டாக்டரம்மா. காட்டை விட்டே போயிருச்சு. இல்லீன்னா எங்கியாவது புதருக்குள்ள செத்துக் கெடக்குது. நீங்க கேமராவை நம்பி உக்காந்துட்டீங்க. கேமராவுல ஒண்ணுமே இல்லீங்க!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்க, கேமராவையே கேப்போம்."

டாக்டர் ஓடைக்கு இறங்கவில்லை. மேட்டுப் பக்கமாகச் சுற்றி எங்களை நடத்திக்கொண்டு போனார். உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவே ஒரு பாறை. பாறையை ஒட்டிய மரத்தில் ஒரு கேமரா இருந்தது. கீழே ஓடை தெரிந்தது.

"இதை எப்பக் கட்டுனீங்க?"

"அன்னிக்கேதான்."

"எங்கிட்டச் சொல்லலீங்களே?"

"சொல்லியிருந்தா இங்கியும் வந்திருப்பீங்க."

அண்ணன் பாறையில் உட்கார்ந்தார். டாக்டர் கார்டைப் போட்டு, திரையை அவர் கையில் கொடுத்தார்.

முதல் படத்தில் மான். காலை வெளிச்சம், ஓடையைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்ததில் நின்றுவிட்டது, காது இரண்டும் முன்னால். அதற்கடுத்ததில் திரும்பிப் போகும் முதுகு. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இறங்குகிறது, நிற்கிறது, திரும்புகிறது.

ஒரு படத்தில் அண்ணனின் விரல் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். புதருக்குள் மான் அசையாமல் நின்றது. கழுத்து ஒயரில் வெயில் பட்டிருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்த திசையில், தூரத்தில், ஓடையோரம் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்து கேமராவை நோண்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தன் முதுகைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் வந்திருக்குதுங்களே" என்றார்.

"ஆமாங்ண்ணா. தினமும் தாகத்தோட வந்திருக்கு."

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுகிறாரே என்று நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைத்த கையோடு அவர் கடைசிப் படத்தைப் பெரிதாக்கினார். ஒயர் மயிருக்குள் இறங்கியிருந்தது. கழுத்து தடித்திருந்தது. அவ்வளவுதான், துள்ளி எழுந்துவிட்டார்.

"வீங்க ஆரம்பிச்சிருச்சுங்க! நாளைக்கே, இதே எடத்துல ஒளிஞ்சு உக்காந்து சுட்டுரலாமுங்க!"

"மழை ஒண்ணு பேயட்டும். நம்ம வாடையைக் கழுவிட்டுப் போகட்டும். அதுவா நம்பித் தண்ணிக்கு இறங்கட்டும்."

"அதுக்குள்ள செத்துட்டா?"

"செத்துரலாம்."

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"பயமா இருக்கறதுனாலதானுங்ண்ணா உக்காந்திருக்கேன்."

டாக்டர் திரையை வாங்கிப் பையில் வைத்தார்.

மழைக்குக் காத்திருந்தோம். அண்ணன் என்னிடம் வந்து, "நான் கேட்டாலும் ஜீப் சாவியைக் குடுத்துராத" என்றார். மறுநாள் காலையில் அவரே வந்து கேட்டார். கொடுக்கவில்லை. என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். அப்புறம் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மழை வந்தபோது வாசலில் நின்று, ஒரு தாய் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நிற்பது போல மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. மானைத் தேடி அலைந்தபோதுகூட அவர் இவ்வளவு களைத்து நான் பார்த்ததில்லை.

மழை விட்டு மூன்று காலை கழித்து டாக்டர், "இன்னிக்குப் போலாம்" என்றார்.

வனக் காவலர்கள் தள்ளி நின்றார்கள். நாங்கள் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் பாறை மறைவில் உட்கார்ந்தோம். டாக்டர் ஊசித் துப்பாக்கியை அண்ணனிடம் நீட்டினார்.

"எனக்குக் கை ஆடுதுங்க" என்று கிசுகிசுத்தார் அவர்.

"ஆடட்டும். மூச்சை விட்டுட்டுச் சுடுங்க."

வெயில் பாறையில் ஏறும் நேரம் மான் இறங்கியது. ஒருமுறை நின்றது. அண்ணனின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, ஆனால் அவர் அசையவில்லை. மான் மெல்ல ஓடைக்குப் போய்க் குனிந்து குடித்தது. குடித்து முடிக்கும்வரை அவர் சுடவேயில்லை. தலை நிமிர்ந்ததும் தொடையில் ஊசி பாய்ந்தது.

ஓடியது. மூங்கில் தூருக்கு அந்தப்பக்கம் தள்ளாடி விழுந்தது. கண்ணைத் துணியால் மூடினோம். ஒயருக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழையவில்லை. டாக்டர் கட்டரின் முனையைச் சதையோடு சதையாக நுழைத்து அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். புண்ணைக் கழுவி மருந்து போட்டது அண்ணன்தான். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று மாட்டுக்குச் சொல்வது போலவே அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மயக்கம் தெளிய ஊசி போட்டுவிட்டு விலகி நின்றோம். மான் எழுந்தது, தடுமாறியது, கால் ஊன்றியது. பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறி மறைந்தது.

எல்லோரும் ஜீப்புக்கு நடந்தோம். பாதி வழியில் பார்த்தால் அண்ணனைக் காணவில்லை. டாக்டரும் நானும் திரும்பிப் போனோம்.

ஓடையோரம் ஒரு மரத்தில் கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்ண்ணா பண்றீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. புண்ணு ஆழமுங்க டாக்டரம்மா. ஆறுதா இல்லையான்னு நமக்குத் தெரிய வேண்டாமுங்களா? காலையில வந்து ஒரு தடவை மட்டும் பாத்துட்டு..."

டாக்டர் அவர் கிட்டப் போனார்.

"நீங்க பாத்தாத்தான் ஆறுமாங்ண்ணா?"

அண்ணன் மான் போன மேட்டைப் பார்த்தார். முடிச்சில் வைத்த விரலை மட்டும் எடுக்கவில்லை.