இரவல் போன நடை

ஆடும் காக்காயும் மனிதர்களோடு வாசலில் நின்று பேசிவிட்டுப் போன அந்தக் காலத்தில், மனிதக் குழந்தை பிறந்த அன்றைக்கே எழுந்து நடக்கும். குளிப்பாட்டித் துடைத்துக் கீழே விட்டால் போதும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டை ஒரு பார்வை பார்க்கும், வாசலை ஒரு பார்வை பார்க்கும், பிறகு விறுவிறுவென்று வெளியே போய்விடும். பசித்தால் வரும், பாலைக் குடிக்கும், வாயைக்கூடத் துடைக்காமல் மறுபடி ஓடிவிடும். தூக்கம் வந்தால் எந்த மரத்தடியிலாவது சுருண்டு கிடக்கும். பிள்ளையைத் தூக்குவது என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. தொட்டில் கிடையாது, தாலாட்டு கிடையாது. பெண்களின் இடுப்பில் இருந்தது தண்ணீர்க் குடம் மட்டும்தான்.

ஆட்டுக்கு நேர்மாறு. அதன் குட்டி பிறந்தால் ஒரு வருசம் போட்ட இடத்தில் கிடக்கும். தாய் ஆடு மேயப் போகாவிட்டால் மடியில் பால் ஊறாது. மேயப் போனாலோ குட்டிக்குக் காவல் கிடையாது. நரிக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்படி இருக்கையில், ஒரு பாறைக்குன்றின் அடிவாரத்தில் கொம்பையா என்று ஒருவன் இருந்தான். கிணற்றில் ஏற்றம் இறைத்துக் கம்பு விதைக்கிறவன். அவன் பெண்டாட்டி வெயிலாச்சி. கல்யாணமாகி நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்து, ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறந்த கொஞ்ச நேரத்தில் முற்றத்தைத் தாண்டி, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் முந்திக்கொண்டு களத்துமேடு வரை ஓடிவிட்டது. மயில் மாதிரி ஓடுகிறாள் என்று மயிலு என்றே பேர் வைத்தான் கொம்பையா.

"பார்த்தீங்களாப்பா என் மகள் ஓட்டத்தை!" என்று வழியில் போனவர் வந்தவர் எல்லோரையும் நிறுத்திக் காட்டினான். மகளின் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பான். முதுகைத்தான் பார்த்திருந்தான். ஆனாலும் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு கிணற்றுக்குப் போனான்.

உச்சிப்பொழுதில் வெயிலாச்சி வீட்டுக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாசலில் யாரோ கனைத்தார்கள். பார்த்தால் செவலை ஆடு. பின்னங்கழுத்துத் தோலைக் கவ்விப் பிடித்து ஒரு குட்டியை இழுத்துக்கொண்டு வந்திருந்தது. பாறையில் உரசி உரசிக் குட்டியின் வயிறெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"என்ன செவலை, பச்சைக் குட்டியை இப்படி இழுத்துட்டு வார?"

"வேற எப்படித் தாயி கொண்டு வாரது? எனக்கென்ன கையா இருக்கு?" என்றது ஆடு. "முதல் குட்டியை நரி கொண்டு போச்சு. அடுத்ததையும் கொண்டு போச்சு. இது நேத்துப் பிறந்தது. இன்னைக்குக் காலையிலேயே மோப்பம் பிடிச்சுப் பாறையடியில வந்து உட்கார்ந்துட்டான். 'என்ன செவலை, மேயப் போகலையா, பசிக்கலையா'ன்னு நலம் விசாரிக்கிறான் படுபாவி."

வெயிலாச்சி எழுந்து உட்கார்ந்தாள். "நான் என்ன செய்யணும்?"

"உங்க பிள்ளையோட நடையை எனக்கு இரவல் தாங்க."

"நடையையா?"

"ஆமா தாயி. முயல்கிட்டக் கேட்டேன், மான்கிட்டக் கேட்டேன். யாரு தருவா? அவங்களும் என்னை மாதிரிக் கையில்லாதவங்க. நீங்க ஒருத்திதான் ரெண்டு கை வச்சிருக்கீங்க. உங்க பிள்ளை நடக்கலைன்னா நீங்க தூக்கிக்கலாம். என் பிள்ளை நடக்கலைன்னா நரிதான் தூக்கும்."

வெயிலாச்சி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடம் தூக்கியிருக்கிறாள், விறகு தூக்கியிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யோசனையே வந்ததில்லை.

"எப்பத் திருப்பித் தருவ?"

"இவன் வளர்ந்து, தன் கொம்பால தன்னைக் காப்பாத்திக்கிற வரைக்கும் போதும். அடுத்த வருசத்து மழைக்கு நானே கொண்டு வந்து தாரேன்."

"தராமப் போயிட்டேன்னா?"

ஆடு தலையைக் குனிந்தது. "நான் பிள்ளை பறிகொடுத்தவ தாயி. இன்னொருத்தி பிள்ளையை முடக்கிப் போட்டுட்டு எனக்கு இரை இறங்குமா?"

அந்த நேரம் பார்த்து மயிலு பால் குடிக்க ஓடிவந்தாள். குடித்து முடித்து எழுந்திருக்கப் போனவளை வெயிலாச்சி பிடித்து உட்கார வைத்தாள். அவள் உள்ளங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கட்டைவிரலால் வழித்து, குட்டியின் குளம்புகளில் தடவினாள். "என் பிள்ளை நடை உன் பிள்ளைக்கு இரவல்" என்றாள். வாயால் சொன்னது அப்படியே பலிக்கிற காலம் அது. குட்டி ஒரு உதறு உதறி எழுந்தது. முற்றத்தில் ஒரு துள்ளு, உரல் மேல் ஒரு துள்ளு, அங்கிருந்து வெளியே ஒரு துள்ளு. மயிலுவின் கால்களோ வெண்ணெய் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன. தாய் மடியில் சாய்ந்தாள். முதல்முறையாக நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள்.

பொழுது சாய வந்த கொம்பையா, மகள் ஒரு பழஞ்சேலை மடிப்பில் மல்லாந்து கிடந்து காற்றை உதைப்பதைப் பார்த்தான்.

"ஏட்டி, இது ஏன் இப்படிக் கிடக்கு? காலுக்கு என்ன ஆச்சு?"

"நடையை ஆட்டுக்கு இரவல் கொடுத்திருக்கேன்."

"என்னது?"

"நரி வந்து நிக்குன்னு அழுதுச்சு. கொடுத்தேன்."

"இரவல் கொடுக்க அது என்ன அரிவாளா, உலக்கையா? ஊருக்கே ஓடிக் காட்டுன பிள்ளை! இப்படிக் கிழிச்சுப் போட்ட நாரு மாதிரி கிடக்கே!"

அவன் போட்ட சத்தத்தில் பிள்ளை வீறிட்டது. வெயிலாச்சி அதை அள்ளி அவன் கையில் வைத்தாள். "இந்தாரும், பிடியும். நான் கஞ்சியை இறக்கணும்."

"இதை எப்படிப் பிடிக்க?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? தலை தொங்காமப் பிடியும்."

சுடுசட்டியைப் பிடிக்கிறவன் மாதிரி உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தான் கொம்பையா. பிள்ளை அவனை உற்றுப் பார்த்தது. அழுகையை நிறுத்தியது. பிறகு வெதுவெதுவென்று அவன் வேட்டியை நனைத்தது. உள்ளேயிருந்து வெயிலாச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, நடையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று குன்றுக்கு ஏறினான். போனவன் கண்டது என்ன? நரி குட்டியைத் துரத்திக்கொண்டிருக்கிறது. குட்டி ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவுகிறது. நரி அந்தப் பாறைக்கு வந்து சேர்வதற்குள் வேறு பாறையில் நின்று வாலை ஆட்டுகிறது. மூச்சு வாங்கிப்போன நரி, "தூ, இதெல்லாம் ஒரு கறியா" என்று முனகிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

செவலை ஆடு கொம்பையாவைப் பார்த்துவிட்டது. "அண்ணாச்சி, கேட்டு வந்தீங்களா? கேட்டா நான் இல்லைன்னு சொல்ல முடியாது."

கொம்பையா குட்டியைப் பார்த்தான். புதரைப் பார்த்தான். அங்கே இலை அசைந்தது.

"ச்சே ச்சே, நான் விறகு பொறுக்க வந்தேன்" என்றான். வந்ததற்கு நாலு சுள்ளியும் பொறுக்கிக்கொண்டு இறங்கினான்.

"கேட்டீரா?" என்றாள் வெயிலாச்சி.

"ஆடு கண்ணுலயே படலை" என்றான். அவள் சுள்ளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்பில் செருகினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேலையும் முன்போல் நடக்கவில்லை. உலை வைக்கப் போனால் பிள்ளை அழும், தூக்கினால் உலை பொங்கும். வெயிலாச்சி ஒரு நாள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். இடுப்பு அதற்கென்றே வளைந்திருந்தது மாதிரி பொருந்தியது. அப்படியே கஞ்சி கிண்டினாள், அப்படியே கோழி விரட்டினாள், அப்படியே பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டையும் போட்டாள்.

அவள் களையெடுக்கப் போகும் நாளில் பிள்ளை கொம்பையாவின் பாடு. ஒரு சேலையை மார்பில் குறுக்கே கட்டி அதில் மயிலுவைப் போட்டுக்கொண்டு ஏற்றத்துக்குப் போவான். கிணற்றடிப் பூவரசில் ஒரு காக்காய் குடியிருந்தது. அதற்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன கொம்பையா, மார்புல மூட்டை?"

"போ அங்கிட்டு."

"மூட்டை அழுவுதே! ஐயையோ, மூட்டை ஒழுவுதே!"

மண்ணாங்கட்டியை எடுத்து எறிய நினைப்பான். கை ஒழியாது. ஏற்றம் இறைக்கையில் வழக்கமாகப் பாடுகிற பாட்டை இழுத்துப் பாடினால், பிள்ளை அந்த ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் சொக்கித் தூங்கிவிடும். பாட்டை நிறுத்தினால் முழித்துவிடும். ஆகவே வேலை முடிந்த பிறகும் சும்மா நின்று ஆடிக்கொண்டே பாடுவான். உலகத்தில் முதல் தாலாட்டு அதுதான். அதைப் பாடியது ஒரு மீசைக்காரன்.

அழுகையிலும் வகை இருக்கிறது என்று கண்டுபிடித்தான். பசிக்கு ஒன்று, எறும்பு கடித்ததற்கு ஒன்று, தூக்கம் வந்தும் தூங்க மாட்டேன் என்பதற்கு ஒன்று. "இது பசி அழுகை இல்லை பிள்ள, என்னைத் தேடுது" என்பான். "ஆமா, உம்மைத்தான் தேடுது. நேத்து அம்மிக்கல்லைப் பார்த்தும் இப்படித்தான் சிரிச்சுது" என்பாள் வெயிலாச்சி. பிள்ளை குப்புற விழுந்த அன்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கஞ்சி அடிப்பிடித்தது. முதல் பல் முளைத்தது யாருக்கும் தெரியாது. கொம்பையாவின் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. பிறகு மயிலு கையை ஊன்றி முட்டி போட்டு வீடெல்லாம் தவழ்ந்தாள்.

"பாரும், பாரும்! இவ நடை அங்கே நாலு காலுல பழகுதில்லையா, அதான் இவளும் நாலு காலுல போறா" என்று கைகொட்டினாள் வெயிலாச்சி.

கொம்பையாவும் சிரித்தான். ஆனால் அவனுக்குள்ளே ஒரு பயம் ஊசி மாதிரி இருந்துகொண்டே இருந்தது. ஆடு மறந்துவிட்டால்? மலை தாண்டிப் போய்விட்டால்? காலமெல்லாம் பிள்ளை முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரிய வேண்டியதுதானா? மேகம் கறுக்கும்போதெல்லாம் குன்றைப் பார்ப்பான்.

அடுத்த வருசத்து மழை வந்தது. மழை விட்ட மாலையில் செவலை ஆடு வந்தது. பக்கத்தில் குட்டி இல்லை, கொம்பு முளைத்த ஒரு கிடா நின்றது. வயிற்றில் அடுத்த சினையோடு செவலை மூச்சு வாங்கியது.

"சொன்னபடி வந்துட்டேன் அண்ணாச்சி. இவன் காலுல இனி சொந்த நடை ஊறிப்போச்சு. உங்க நடை குளம்பு மண்ணுல இருக்கு. வழிச்சு எடுத்துக்கோங்க."

அவ்வளவு நாள் குன்றைப் பார்த்துக் கிடந்த கொம்பையாவுக்குச் சந்தோசம்தானே வர வேண்டும்? அவனோ முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"இப்ப என்ன அவசரம்? நீ இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கயேன்."

"நல்லா இருக்கே!" என்றது ஆடு. "கேட்டு வந்தவரு நீங்கதானே அண்ணாச்சி? சுள்ளி பொறுக்குனீங்களே, மறந்துட்டீங்களா?"

வெயிலாச்சி கம்பு புடைத்த சுளகைக் கீழே வைத்தாள். "என்னங்காணும் செய்யுதீரு? கொண்டு வந்ததை வாங்கும்."

"வாங்குனா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா பிள்ள?" என்றான் அவன். "அன்னைக்கு எப்படிப் போனா? திரும்பிப் பார்த்தாளா? இப்பக் கொடுத்தா அதே மாதிரி வாசலைத் தாண்டிப் போயிருவா. பிறகு என் மீசையை யாரு பிடிச்சு இழுப்பா?"

வெயிலாச்சிக்கும் இடுப்பு இப்போதே வெறிச்சென்று ஆனது போலிருந்தது.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. மயிலு அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். முட்டி மடங்குகிறது, விழுகிறாள். மறுபடி பிடிக்கிறாள், மறுபடி விழுகிறாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க, இன்னொரு தடவை பிடிக்கிறாள்.

கொம்பையா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கிடாவின் அருகில் போய் உட்கார்ந்தான். குளம்பு மண்ணைத் தானே வழித்தான். மகளின் மெத்தென்ற உள்ளங்காலில், ஒரு இடம் விடாமல் தடவினான். "என் பிள்ளை நடை என் பிள்ளைக்கே" என்றான். அவளை முற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, நகர்ந்து போய்ச் சுவரோரம் குந்தினான். வாசல் திறந்து கிடந்தது.

மயிலு நின்றாள். நாலு காலில் பழகிய நடை இரண்டு காலுக்கு வந்ததால் இப்படியும் அப்படியும் ஆடியது. வாசலைப் பார்த்தாள். வெளியே கிடா துள்ளிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் மழைத்தண்ணீரில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா தன்னையறியாமல் கையை நீட்டினான்.

மயிலு திரும்பினாள். கிக்கென்று சிரித்தாள். ஓர் அடி வைத்தாள். தொப்பென்று உட்கார்ந்தாள். எழுந்து, தத்தித் தத்தி, கடைசியில் ஒரே ஓட்டமாக ஓடிவந்து அப்பனின் நெஞ்சில் மோதினாள்.

பூவரசுக் காக்காய் கிணற்றடியிலிருந்து கொம்பையாவின் பின்னாலேயே வந்து கூரையில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் அன்றைக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

செவலை மெல்ல வெயிலாச்சியின் பக்கம் வந்தது. "தாயி, வயித்துல இருக்கிறதுக்கு யாருகிட்டக் கேட்க?" என்றது. வெயிலாச்சி பதில் சொல்வதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, நிறைமாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "என் பிள்ளை நடையை எடுத்துக்கோ செவலை. எனக்கும் தூக்கணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வேறொருத்தி.

அந்த மழை நாளிலிருந்துதான் ஆட்டுக்குட்டி பிறந்த கையோடு எழுந்து துள்ளுகிறது. நம் பிள்ளைகள் ஒரு வருசம் நம் இடுப்பிலும் தோளிலும் இருந்துவிட்டு, நடை திரும்பி வந்ததும், எந்த வாசல் திறந்திருந்தாலும் அங்கே போகாமல், கை நீட்டிக் குந்தியிருக்கிற அப்பன் ஆத்தாளைப் பார்த்தே முதல் அடியை எடுத்து வைக்கிறார்கள்.