எந்த மோடுல வைக்க, மாஸ்டர்?

“மாஸ்டர், எந்த மோடுல வச்சா ஒண்ணும் தப்பாது?”

குருசாமிதான் கேட்டாரு.

பேருலதான் குரு. ஆளு சிஷ்யன். வயசு அம்பதைத் தாண்டியாச்சு. சவுதியில லாரி ஓட்டிட்டு ஊரு திரும்புன மனுசன், வந்த கையோட ஒரு கேமராவை வாங்கிட்டு, பாளையங்கோட்டையில எஸ்தர்கிட்ட வேலைக்குச் சேந்துட்டாரு.

எஸ்தருக்கு அவரு மகளைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனா கல்யாணப் போட்டோவுல அந்தப் பக்கம் அவளை அடிச்சுக்க ஆள் இல்ல. அவரு அவளை மாஸ்டர்ம்பாரு. அவ அவரை அண்ணேம்பா. கேக்குறவங்களுக்குத்தான் குழப்பம்.

அது வைகாசி மாசம். முகூர்த்தத்துக்கு மேல முகூர்த்தம். மண்டபத்துல பந்தி முடிஞ்சு, இலை எடுத்த மேசை மேலயே தலையைச் சாச்சுக் கிடந்தா எஸ்தர்.

“மாஸ்டர்…”

“ம்.”

“எந்த மோடு?”

அவ கண்ணைத் திறக்கல. கையை மட்டும் நீட்டி, பக்கத்துல இருந்த தண்ணி பாட்டிலை அவரு பக்கமா தள்ளிவிட்டா.

குருசாமி பாட்டிலையே பாத்தாரு. தண்ணி மாதிரி இருக்கணும்னு சொல்லுதாளோ? ஓடுறதை ஓட விடணுமோ? இல்ல, பாத்திரத்துக்குத் தக்கன வளையணுமோ? மூடியைத் திறந்து உள்ள வேற பாத்தாரு.

“மாஸ்டர், இதுக்கு என்ன அர்த்தம்?”

“தொண்டை காஞ்சிருக்கும்ணே. குடிங்க.”

*

மோடுன்னா பெரிய வித்தை ஒண்ணுமில்ல. பட்டனை அமுக்குனா கேமரா என்ன செய்யணும்ங்கிற ஏற்பாடு. ஒரு அமுக்குக்கு ஒரு படம்னு ஒண்ணு. விரலை எடுக்குற வரைக்கும் டர்ர்ர்னு வரிசையா படம் விழுறது ஒண்ணு. சத்தமே வராம எடுக்குறது ஒண்ணு. அமுக்கிட்டு ஓடிப்போய் நாமளும் வரிசையில நின்னுக்கிறதுக்கு டைமர்னு ஒண்ணு.

குருசாமி மொதல்ல ஒத்தைப் படத்துலதான் வச்சிருந்தாரு. மூச்சைப் பிடிச்சு நின்னு, சரியா தாலி ஏறுற நேரத்துல அமுக்குனாரு. மாப்பிள்ளை கண்ணை மூடிட்டான். பொண்ணும் மூடிட்டா. ஐயரும் மூடியிருந்தாரு. இது தாலி கட்டுன படமா, கூட்டுப் பிரார்த்தனையான்னு பொண்ணு வீட்டுல கேட்டாங்க.

அடுத்தது சத்தம் வராத மோடு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக மொத்தப் பேரும் மேடையில சிரிச்ச வாயோட நின்னாங்க. இவரு எடுத்து முடிச்சு, கேமராவை இறக்கி, மூக்கைத் துடைச்சுட்டு நின்னாரு. அவங்களும் நின்னாங்க. க்ளிக்னு சத்தம் வந்தாத்தான வாயை மூடுறதுக்கு? யாரு போகச் சொல்லணும்னு யாருக்கும் தெரியல. ஒரு சித்தப்பாவுக்குத் தாடை பிடிச்சுக்கிச்சு.

அன்னிக்கு டர்ர்ர்ல வச்சவருதான். மாத்தவே இல்ல. பொண்ணு படி ஏறுனாலும் டர்ர்ர். தோழி மூக்கைச் சொறிஞ்சாலும் டர்ர்ர். முன் வரிசையில இருந்த ஒரு பெரியம்மா, “ஏ, படம் எடுக்கியா, ஜாக்கெட்டு தைக்கியா?”ன்னே கேட்டுட்டாங்க.

எடுத்ததை எல்லாம் வச்சு நல்லதைப் பொறுக்கணுமே, அதுதான் சீவன் போற வேலை. கண்ணு எரியும். கழுத்து இழுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இருக்காது. ஆனா ஒண்ணை அழிக்கவும் அவருக்கு மனசு வராது.

*

“இவரு யாருண்ணே?”

ஸ்டுடியோவுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எஸ்தர் கேட்டா. குருசாமி எடுத்த படம்தான்.

“பொண்ணோட அப்பா.”

“என்ன செய்யுதாரு?”

“கண்ணைத் துடைக்காரு.”

அடுத்த படத்தைத் தட்டுனா. அதுலயும் துடைக்காரு. அதுக்கடுத்ததுலயும். அவ தட்டத் தட்ட அந்த மனுசன் துண்டைத் தூக்குனாரு, கண்ணுல ஒத்துனாரு, இறக்குனாரு, மறுபடி தூக்குனாரு.

“எதுக்கு அழுதாரு?”

“தெரியலயே மாஸ்டர்.”

“பக்கத்துலதான நின்னீங்க?”

“நின்னேன். எடுத்துட்டிருந்தேன்.”

எஸ்தருக்குக் கோபம் வரல. கோபப்படத் தெம்பு இல்ல. கொட்டாவிதான் வந்துச்சு.

“ஒண்ணும் விட்டுப் போயிரக் கூடாதுல்லா மாஸ்டர். நான் ஏற்கெனவே நெறைய விட்டவன்.”

“என்ன விட்டீங்க?”

அவரு சொன்னாரு. மக காந்திமதி பொறந்தப்ப அவரு தமாம்ல இருந்தாரு. அவளுக்குக் காது குத்துனப்ப ஜித்தாவுல. பள்ளிக்கூடத்துல அவ மேடை ஏறி பரிசு வாங்குன நேரம், இவரு பாலைவனத்துல லாரிக்கு டயர் மாத்திக்கிட்டிருந்தாரு. அவ கல்யாணத்துக்கு லீவு போட்டு ஓடி வந்தாரு. வாசல்ல மக, “வாங்க, பிரயாணம் எல்லாம் சௌகரியமா?”ன்னு கேட்டா. பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படித்தான் கேட்டா.

“இப்ப என்னண்ணே?”

“வார ஞாயித்துக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்லா? வரமாட்டேங்கா. மாமியா வீட்டுலயே பெத்துக்கிடுதேங்கா.”

“ஏனாம்?”

“அவ அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அங்க அப்பா இருப்பாங்க, எனக்குச் சங்கடமா இருக்கும்னு.”

தலைக்கு மேல ஃபேன் கடக்கு கடக்குன்னு சுத்துச்சு.

“அன்னிக்காவது ஒண்ணுவிடாம எடுத்துரணும் மாஸ்டர். ஆல்பத்தைப் பாத்தாவது…”

“நீங்களா எடுக்கப் போறீங்க?”

“பின்ன?”

எஸ்தர் கம்ப்யூட்டரை அணைச்சா.

“நானும் வாறேன்ணே. சாப்பாட்டுக்கு.”

*

மாப்பிள்ளை வீட்டு மொட்டை மாடியில பந்தல். நடுவுல நாற்காலியில காந்திமதி. கை கொள்ளாத வளையல்.

குருசாமி அவளைச் சுத்திச் சுத்தி வந்தாரு. மாமியா வளையல் போட்டாங்க, டர்ர்ர். நாத்தனார் போட்டா, டர்ர்ர். வளையல் சத்தத்தைவிட இவரு சத்தம் கூட. கோயில் பிரகாரத்துலகூட மனுசன் இத்தனை சுத்து சுத்தியிருக்க மாட்டாரு.

மக கைக்கு எட்டுற தூரத்துலதான் நின்னாரு. அவ தலையைத் திருப்பி அவங்கம்மாகிட்ட சொன்னா.

“அவங்களைக் காபி குடிக்கச் சொல்லும்மா.”

அவரு வீட்டுக்காரி இவரைப் பாத்து, “காபி குடிப்பீங்களாம்,”ன்னா.

“பொறவு குடிக்கேன்னு சொல்லு.”

“பொறவு குடிப்பாங்களாம்.”

குருசாமிக்குத் திடீர்னு உடம்பு தளந்துபோச்சு. கேமரா கல்லு மாதிரி கழுத்தை இழுத்துச்சு. மூலையில பிளாஸ்டிக் நாற்காலியில, மடியில தட்டை வச்சுப் புளிசாதம் தின்னுக்கிட்டிருந்த எஸ்தர்கிட்ட போனாரு.

“மாஸ்டர், அடுத்து சந்தனம் பூசுவாங்க. அதுதான் முக்கியமான படம். சொல்லுங்க, எந்த மோடு?”

எஸ்தர் விரலை நக்கிட்டு, இடது கையால கேமராவை வாங்குனா. என்னத்தையோ திருகுனா. திருப்பிக் குடுத்தா.

“இதுலயே இருக்கட்டும்.”

என்னன்னு பாக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்ல. குரு வச்சது, சரியாத்தான் இருக்கும்.

சந்தனக் கிண்ணம் வந்துச்சு. மாமியா எழும்புறதுக்குள்ள யாரோ ஒரு அத்தை குரல் குடுத்தாங்க.

“மொதல்ல பொண்ணோட அப்பா பூசட்டுமே! இத்தனை நாள் கழிச்சு வந்திருக்காரு.”

“இல்லல்ல, நீங்க பூசுங்க,”ன்னாரு குருசாமி. “நான் எடுக்கேன்.”

மக தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

அவரு கேமராவைக் கண்ணுல வச்சு அமுக்குனாரு.

டர்ர்ர் வரல.

க்ளிக்கும் வரல.

பீப்.

கேமரா நெத்தியில சின்னதா ஒரு சிவப்பு லைட்டு. பீப். பீப்.

டைமர். பத்து செகண்டு.

“மாஸ்டர்!”

எஸ்தர் தட்டுல நிலக்கடலை பொறுக்கிக்கிட்டிருந்தா. நிமிரல.

ஒரு திருகு திருகுனா நின்னுரும். விரலு திருகு பக்கம் போச்சு. ஆனா அதுக்குள்ள அவரு முகத்தைக் கேமராவுலேர்ந்து எடுத்துட்டாரு. அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டிருக்கு, அதுக்குப் பின்னாடி அவருக்கு வேலை இல்ல.

பீப்.

மக அவரைப் பாத்துக்கிட்டிருந்தா. கேமராவை இல்ல. கேமராவுக்கு மேல.

கண்ணுக்குக் கீழ கருவளையம். மேல் உதட்டுல வேர்வை. கால் ரெண்டும் வீங்கி, செருப்பைக் கழட்டிட்டு, ஒரு பாதத்து மேல இன்னொரு பாதத்தை வச்சிருந்தா. காலையிலேர்ந்து அவளைத்தான் எடுத்துக்கிட்டிருக்காரு. இது ஒண்ணும் அவரு கண்ணுல படல.

பிள்ளை அசந்து போயிருக்கா.

பீப். பீப்.

காந்திமதி சந்தனக் கிண்ணத்தை ஒரு விரலால, கொஞ்சம்போல, அவரு பக்கமா நகத்துனா. வளையல் அத்தனையும் சேந்து குலுங்குச்சு.

குருசாமி போனாரு.

பீப்பீப்பீப்னு அது அவசரப்பட்டுச்சு. அவரு சந்தனத்துல கையை முக்கி, மக கன்னம் ரெண்டுலயும் வச்சாரு. கழுத்துல தொங்குன கேமரா ஆடி, தரையையோ அவரு வேட்டியையோ பாத்து க்ளிக்னுச்சு.

“அண்ணே, படம் விழுந்துட்டு,”ன்னா எஸ்தர், வாயில சோத்தோட.

அவரு திரும்பல.

வச்ச கையை எப்ப எடுக்கணும்னு அவருக்குத் தெரியல. அவளும் எடுங்கன்னு சொல்லல. கண்ணை மூடிக்கிட்டா. சந்தனம் அவரு முழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு.

கண்ணைத் திறக்காமலே அவ கேட்டா. அம்மாகிட்ட இல்ல.

“நம்ம வீட்டுல கட்டில் எந்தப் பக்கம் கெடக்கு?”

“நீ சொல்லுத பக்கம்,”ன்னாரு குருசாமி.