தலைமை தாங்கிய இருவாச்சி

மலைக்காட்டில் வேழவன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் அலகின் மேல் மஞ்சள் கிரீடம் போல ஒரு புடைப்பு. அது எதற்கென்று அவனுக்கே தெரியாது. பார்க்க மட்டும் நன்றாக இருக்கும்.

அவன் மனைவி செம்பி முட்டையிட மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டாள். இருவாச்சிகளின் வழக்கம் அது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். உள்ளே அவள் இறகுகளும் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை கணவன் கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு.

முதல் வாரம் வேழவன் தொண்டை நிறைய அத்திப்பழம் சுமந்து ஓயாமல் பறந்தான்.

அப்புறம் மலையணில் வந்தது.

"அண்ணே! நாளைக்கு எங்க புதுமனை புகுவிழா. நீங்கதான் தலைமை!"

"எனக்கு வேலை இருக்கே தம்பி."

"கிரீடம் வச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான் அண்ணே! மேடையில ஒரு மைனாவை உட்கார வச்சா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்காதுதான் என்று வேழவனுக்கும் தோன்றியது. போனான். மாலை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வெயில் சாயும்வரை பேசினான்.

அடுத்து மந்திகளின் காதுகுத்து. அதற்கடுத்து முள்ளம்பன்றிகளின் ஒற்றுமை மாநாடு. அதில் எல்லோரும் தள்ளித் தள்ளியே உட்கார்ந்தார்கள். குஞ்சு பொரித்தது அன்றுதான். வேழவன் மாநாட்டில் இருந்தான்.

சாயங்காலம் திரும்பியதும் செம்பி கேட்டாள்: "எத்தனை பழம்?"

"மூணு. மாலை எத்தனைன்னு கேளு!"

"மாலையைக் குஞ்சு தின்னுமா?"

"என்ன பண்ணச் சொல்ற? நான் இல்லாம இந்தக் காட்டுல ஒண்ணும் நடக்க மாட்டேங்குது!"

அன்றிலிருந்து தினமும் வந்த இரண்டு மூன்று பழங்களையும் செம்பி குஞ்சுக்கே கொடுத்துவந்தது வேழவனுக்குத் தெரியாது.

ஒரு காலை, தவளைச் சங்க ஆண்டுவிழாவுக்குப் போகிற வழியில் அவன் பொந்தருகே இறங்கினான். கீறலில் அலகு நீளவில்லை.

"செம்பி! விளையாடாதே!"

உள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "அம்மா எழுந்திரிக்க மாட்டேங்குது."

அதற்குள் மலையணில் ஓடிவந்தது. "அண்ணே! தவளைங்க எல்லாம் காத்திருக்கு! மாலை வாடுது!"

"வாடட்டும்!" என்று கத்திவிட்டு வேழவன் அத்திமரத்துக்குப் பறந்தான்.

கீறலுக்குள் அலகை விட்டு, பழத்தை நசுக்கிச் சாறாக ஊற்றினான். மறுபடி பறந்தான். மறுபடி ஊற்றினான். ஐந்தாவது நடையில்தான் செம்பியின் அலகு நுனி மெல்ல வெளியே வந்தது.

"விழாவுக்கு நேரமாகலையா?" என்றாள்.

"போகலை," என்றான். அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் மலையணில் வந்து விவரம் சொன்னது. "உங்க நாற்காலியில ஆந்தையை உட்கார வச்சோம் அண்ணே. விழா பூரா தூங்கினாரு. அவர் முழிக்கிறதுக்குள்ள தவளைங்க விழாவை முடிச்சிட்டு, இப்படி ஒரு தலைமை கிடைச்சதே இல்லைன்னு தீர்மானமும் போட்டுட்டுப் போயிடுச்சுங்க!"

வேழவன் தொண்டை நிறையப் பழத்தோடு பொந்தை நோக்கிப் பறந்தான்.

நாம் இல்லாவிட்டாலும் நடக்கிற வேலைகள் ஆயிரம் உண்டு. நாம் இல்லாவிட்டால் நடக்காத வேலை எதுவோ, அதையே முதலில் செய்ய வேண்டும்.